ஒருமுறை சும்மா வாருங்கள்

கடற்கரைக்கு வரைபடம் போடும் அதிகாரிகளுக்குக் குமரிக் கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

எங்கள் ஊருக்கு மேலே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் பிள்ளைகளுக்கு முன்னால் பெண்கள்தான் வாசலுக்கு ஓடிவருவார்கள். அடுப்பில் குழம்பு கொதித்தாலும் அப்படியே கிடக்கும். வீட்டு ஆள் கடலில் இருந்தால் உடனே போனை எடுத்துக் கூப்பிடுவார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று குரல் வரும். மறுபடி கூப்பிடுவார்கள். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி அலை வந்துபோன பிறகு ஹெலிகாப்டர் வந்தது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்த பிறகு வந்தது. நடுவில் கடல் ஏறிய ஊர்களைப் பார்வையிட யாராவது பெரியவர்கள் வந்ததுண்டு. ஆக, இந்தக் கரையில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ போய்விட்டார்கள், அல்லது எதுவோ போய்விட்டது.

நான் கேட்பது, யாரும் சாகாத ஒரு நாளில், எதுவும் இடியாத ஒரு நாளில், ஒருமுறை சும்மா வாருங்கள் என்பதுதான். ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை எழுபது கிலோமீட்டர் சொச்சம். கடலுக்கு மேலே தாழப் பறந்து, கதவைக் கழற்றிவிட்டு, கரையைப் பக்கவாட்டில் இருந்து விடாமல் படம் பிடியுங்கள். பிடித்ததை எங்களுக்கும் காட்டுங்கள். உங்கள் வரைபடக் கோடுகளை அதற்குப் பிறகு போடுங்கள்.

நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவன். வரைபடம் என்றால் எனக்கு வெறுப்பு இல்லை, அதுதான் சோறு போட்டது. என் பாட்டா கட்டுமரத்தில் போனவர், கையெழுத்துப் போடத் தெரியாது. சின்ன வயதில் ஒருநாள் மணலில் குச்சியால் எங்கள் ஊர்க் கரையை வரைந்து அவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "கரையில நின்னு கரையப் பாத்தா ஒண்ணும் தெரியாது மக்கா. கொஞ்சம் வெலங்கப் போயி நின்னு பாரு" என்றார். கடலுக்குள் தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தால்தான் கரை தெரியும். மீன் கிடக்கும் பார், அதாவது கடலடிப் பாறை, இருக்கும் இடத்தை அவர் கண்டுபிடித்ததும் அப்படித்தான். மருந்துவாழ் மலையின் முகட்டையும் ஒரு கோயில் கோபுரத்தையும் நேர்பிடித்து, இன்னொரு பக்கம் இன்னும் இரண்டு அடையாளத்தை நேர்பிடித்து, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தூண்டிலைப் போடுவார். கணியம் என்போம். நான் பிற்காலத்தில் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் நடத்திய பாடத்தை அவர் கரும்பலகை இல்லாமல் நடத்திக்கொண்டிருந்தார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்த அலுவலகம், எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம், வந்திருந்த இளைஞர் மரியாதையானவர். திரையில் எங்கள் கரை விரிந்தது. வானத்தில் இருந்து நேர் கீழே பார்த்த படம், அதன்மேல் வண்ண வண்ணக் கோடுகள். உயர் ஓதக் கோடு, அதாவது ஏற்றத்தில் கடல்நீர் எட்டும் எல்லை, எது என்று கேட்டேன், காட்டினார். கோட்டுக்கு வெளியே அகலமாக மணல் தெரிந்தது. "தம்பி, இந்தப் படம் எந்த மாதம் எடுத்தது?" என்றேன். பிப்ரவரி என்றார். கூட்டம் நடந்தது ஆகஸ்டில். திரையில் இருந்த மணலில் பாதி அன்றைக்குக் கரையில் இல்லை. பக்கத்தில் இருந்த, பாறையில் முங்கிச் சிப்பி எடுக்கும் சிப்பிக்காரர் ஒருவர் மெல்ல எழுந்து, "சார், அந்த மணல ஆனியிலேயே கடல் எடுத்துட்டுப் போயாச்சு" என்றார். கூட்டமே சிரித்தது, அந்த இளைஞரும் சிரித்தார். குறிப்பில் அது ஏறியதா என்று தெரியாது.

1:25,000 என்பது நீங்கள் மண்டல வரைபடத்துக்கு எடுத்துக்கொள்ளும் அளவை. தாளில் 1 மில்லிமீட்டர் தரையில் 25 மீட்டர். உங்கள் கோடு அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால் அது 12.5 மீட்டரை மூடிவிடும். 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கரையில் வளர்ச்சிப் பணி கூடாத பகுதி 50 மீட்டர். எங்கள் கரையின் நெருக்கத்தை நான் சொல்லத் தேவையில்லை, சுவரில் சுவர் ஒட்டிய வீடுகள். ஆக அந்த 50 மீட்டரில் கால்வாசி கோட்டின் மைக்குள்ளேயே போய்விடுகிறது. அந்த 12.5 மீட்டரில் என்ன இருக்கும் தெரியுமா? என் சித்தி வீட்டுத் திண்ணை, அவள் நெத்திலி காயப்போடும் களம், நாலு வள்ளம், ஒரு குருசடி. கிராம வரைபடம் 1:4,000 என்பீர்கள். சரி, அதிலும் மேலிருந்து பார்த்த கரைதானே வருகிறது?

கரடுமுரடான கரைக்கு அளவை எவ்வளவு முக்கியம் என்பதை உங்களுக்கு நான் விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம். இந்தியாவின் கடற்கரை 7,516 கிலோமீட்டர் என்று எத்தனையோ வருடம் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தேன். இப்போது அது 11,098 கிலோமீட்டர் என்கிறது அரசு. நடுவில் நாம் எந்த நாட்டையும் பிடிக்கவில்லை. முன்பு 45 லட்சத்தில் ஒன்று என்ற அளவையில் பார்த்ததை இப்போது இரண்டரை லட்சத்தில் ஒன்றாகப் பார்க்கிறோம், அதனால் முன்பு கண்ணில் படாத ஒவ்வொரு வளைவும் மூக்கும் கணக்கில் ஏறியிருக்கிறது. என் பழைய மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அளவுகோல் கிட்டே வந்ததற்கே கரை இவ்வளவு கூடியது என்றால், கண் பக்கவாட்டுக்கு வந்தால் என்னென்ன தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

மேலிருந்து பார்த்தால் ஒருவருக்கு வழுக்கையா இல்லையா என்று சொல்லலாம், முகத்தைச் சொல்ல முடியாது. செயற்கைக்கோள் எங்கள் கரையின் மண்டையைத்தான் பார்க்கிறது. முட்டத்தில் செம்மணல் மேடு ஒவ்வொரு மழைக்கும் அறுந்து அறுந்து ஓடைகளாகப் பிளந்து கிடக்கிறது. மேலே இருந்து அது ஒரு சிவப்புத் திட்டு, அவ்வளவுதான். கடலில் இருந்து பார்த்தால் எந்த ஓடை எவ்வளவு ஆழம், எது வழிக்கு அடியில் குடைந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். தடுப்புச் சுவரும் அப்படித்தான். மேலே நின்று பார்க்கிறவருக்குக் கல் அடுக்கிய வரிசை ஒழுங்காகத்தான் இருக்கும். அடியில் அலை கல்லை உருவி உருவி வாயைத் திறந்து வைத்திருக்கும். எங்கள் தெரு முனையில் ஒரு பெரிய கல்லுக்குக் கீழே ஆள் குனிந்து போகும் அளவுக்குப் பொந்து விழுந்தது. அதைக் கண்டுபிடித்தது பந்து எடுக்கப் போன ஒரு பையன். இரண்டு வாரம் கழித்து அந்த இடம் உட்கார்ந்தது. நல்லவேளை, மதிய நேரம், திண்ணையில் யாரும் இல்லை.

சுனாமி அன்று எங்கள் கரையின் கொட்டில்பாடு ஊரில் நடந்ததை நினைத்தால் இன்றும் வயிறு கலங்கும். அலையைப் பார்த்து உள்பக்கம் ஓடினவர்கள் ஊருக்குப் பின்னால் ஓடும் ஏ.வி.எம். கால்வாயில் மாட்டிக்கொண்டார்கள். முன்னே கடல், பின்னே கால்வாய், நடுவில் வீடுகள். மேலிருந்து எடுத்த படத்தில் கால்வாய் ஒரு மெல்லிய பச்சைக் கோடு. கடல் பக்கம் இருந்து சாய்வாக எடுத்த படத்தில் மணல், வீட்டு வரிசை, கால்வாய், அதைத் தாண்டிய மேடு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அலை எந்தப் பக்கமிருந்து வருமோ அந்தப் பக்கமிருந்தே பார்க்கிறோம் அல்லவா? எங்கே பாலம் வேண்டும், எந்தச் சந்து முட்டுச்சந்து என்பதைக் காட்ட அப்படி ஒரு படம் போதும்.

இதையெல்லாம் நான் கனவு கண்டு எழுதவில்லை. அலாஸ்காவில் 1989 மார்ச் 24-இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறைத்திட்டில் மோதி 1.1 கோடி காலன் கச்சா எண்ணெயைக் கொட்டியது. ஏறக்குறைய 2,100 கிலோமீட்டர் கரையில் எண்ணெய் ஒட்டியது. அப்போது எழுந்த கேள்வி எளிமையானது. எந்தக் கரை வெறும் பாறை, எது கூழாங்கல், எது சேறு? செங்குத்துப் பாறையில் ஒட்டிய எண்ணெயை அலையே அடித்துக் கழுவிவிடும். கூழாங்கல்லுக்குள் இறங்கியது வருடக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். கரையின் வகை தெரியாவிட்டால் முதலில் எங்கே ஓடுவது என்றே தெரியாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்த ஷோர்சோன் என்ற முறையை அலாஸ்காவில் 2001-இல் குக் இன்லெட் என்ற கடற்கழிப் பக்கம் தொடங்கினார்கள். கடல் மிகவும் வற்றும் நாட்களைப் பார்த்து, சுமார் 100 மீட்டர் உயரத்தில், மணிக்கு 110 கிலோமீட்டர் வாக்கில் ஹெலிகாப்டரில் போவார்கள். வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே நிலவியல் தெரிந்தவர் ஒருவர், கடலுயிர் தெரிந்தவர் ஒருவர். இது பாறை, இது சரளை, இங்கே பாசி, இங்கே சிப்பி என்று பார்க்கப் பார்க்க வாயால் சொல்லிக்கொண்டே வருவார்கள், அதுவும் பதிவாகும். பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து துண்டு துண்டாக வகை பிரிப்பார்கள். இப்படியே ஊர் ஊராக, தீவு தீவாக அலாஸ்காக் கரையின் பெரும்பகுதியைப் பார்த்துமுடித்து, படங்களை எல்லோரும் பார்க்கத் திறந்தும் வைத்துவிட்டார்கள்.

நமக்கும் அந்த நாள் வந்ததே. 2017 ஜனவரி 28-இல் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியில் அள்ளிய படங்களைப் பார்த்துத் தலைகுனிந்தோம். 2025 மே 25-இல் எம்.எஸ்.சி. எல்சா 3 கொச்சிக்கு அப்பால் 640 கண்டெய்னர்களோடு மூழ்கியது. சில நாளில் எங்கள் கரையில் வெள்ளை வெள்ளையாக பிளாஸ்டிக் குருணை ஒதுங்கியது. ஜவ்வரிசி மாதிரி இருக்கும், நகத்தில் அமுக்கினால் நசுங்காது. கூட்டி அள்ளினார்கள், முறத்தில் சலித்தார்கள். திறந்த மணலில் கிடந்ததை ஓரளவு அள்ளிவிட்டார்கள். தடுப்புச் சுவரின் கல் இடுக்குக்குள் போனதை யார் அள்ளுவது? மழை ஓய்ந்து ஒருநாள் அங்கே உட்கார்ந்து இடுக்கில் விரலை விட்டேன், பாசியோடு ஒரு பிடி வந்தது. எந்த வளைவில் கடல் குப்பையைச் சேர்த்து வைக்கும், எந்த மூக்கில் எதுவும் தங்காது என்பது கரையின் அமைப்பிலேயே எழுதியிருக்கிறது. முன்கூட்டியே படம் இருந்திருந்தால் அள்ளப் போனவர்களை முதல் நாளே அந்த இடங்களுக்கு அனுப்பியிருக்கலாம். இந்தக் கடல் வழியாகக் கப்பல்கள் போய்க்கொண்டேதான் இருக்கும். அடுத்தது எப்போது என்பதுதான் தெரியாது.

மண்ணைக் கிட்டே பார்க்கிறவனுக்குத்தான் அது பேசும் என்பதற்கு எங்கள் கரையிலேயே கதை உண்டு. தேங்காய் நாரோடு ஒட்டிக் கப்பலேறிப் போன மணலைப் பார்த்துத்தான் 1909 வாக்கில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற விலைமதிப்புள்ள கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். நாங்கள் நடந்த மணலின் விலை எங்களுக்கு முன்னே அவருக்குத் தெரிந்தது. அதனால் வந்த நல்லது கெட்டதை இன்னொரு மடலில் பேசலாம்.

படங்களை மக்களுக்குத் திறந்துவிடுங்கள் என்று கேட்டால் உங்கள் முகம் மாறும் என்று தெரியும். கலிபோர்னியாவில் ஒரு தம்பதி, கென்னத் அடெல்மனும் கேப்ரியல் அடெல்மனும், 2002-இல் சொந்தச் செலவில் நாலு பேர் உட்காரும் சின்ன ஹெலிகாப்டரில் அந்த மாநிலத்துக் கரை முழுக்கப் பறந்தார்கள். அம்மையார் ஓட்டினார், கணவர் படம் எடுத்தார். ஏறக்குறைய 150 மீட்டருக்கு ஒரு படம், மொத்தம் 12,000-க்கு மேல். எல்லாவற்றையும் இணையத்தில் போட்டார்கள். அதில் ஒரு படத்தில் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்டின் மாளிகை இருந்தது. 2003-இல் 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வழக்குக்கு முன்னால் அந்தப் படத்தை இறக்கிப் பார்த்தவர்கள் மொத்தம் 6 பேர், அதிலும் 2 பேர் அவருடைய வக்கீல்கள். வழக்குச் செய்தி பரவிய மாதம் 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போய்ப் பார்த்தார்கள். அந்த வருடக் கடைசியில் வழக்கு தள்ளுபடியாகி, எதிர்த்தரப்பின் வக்கீல் செலவையும் அவரே கட்ட நேர்ந்தது.

எல்லோரும் இதைச் சிரிப்புக்காகச் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்தத் தம்பதி பிறகு 1972, 1979 போன்ற வருடங்களில் அரசு எடுத்து வைத்திருந்த பழைய படங்களையும் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள். ஒரே இடம், முப்பது வருட இடைவெளி. எந்தச் சுவர் எப்போது முளைத்தது, எந்த மேடு எப்போது சரிந்தது, யார் அனுமதி இல்லாமல் பாறையைக் கொட்டினார்கள் என்று எந்த மாணவனும் பார்த்துச் சொல்லலாம். 1972-இல் எடுத்தவர்கள் இதற்கெல்லாம் உதவும் என்று நினைத்திருப்பார்களா? நம்மிடம் அப்படி ஒரு பழைய வரிசை இல்லை. சுனாமிக்கு முந்தைய எங்கள் கரை எப்படி இருந்தது என்று காட்ட எனக்குக் கிடைப்பது கல்யாண ஆல்பங்கள்தான். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பின்னால் கொஞ்சம் மணல் தெரியும். நீங்கள் இந்த வருடம் எடுத்தால் இன்னும் முப்பது வருடம் கழித்து ஒருவன் உங்களை வாழ்த்துவான்.

அங்கே செய்ததை அப்படியே இங்கே செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. இது முக்கியம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். குக் இன்லெட்டில் ஓத ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே எட்டு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். அதனால் அங்கே நேரம்தான் எல்லாம், வற்றத்தைத் தவறவிட்டால் கரையே தண்ணீருக்குள். எங்கள் கரையில் ஓதம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். இங்கே கரையை மாற்றுவது மாதம். ஆனி ஆடியில் கச்சான் என்ற மேல்காற்று பிடித்துக் கடலடி தொடங்கினால் மணல் முழுக்க வாரிப்போய், தைக்குள் பெரும்பாலும் கொண்டுவந்து போட்டுவிடும். சில வருடம் முழுதாகத் தராது, சுவரும், கடலுக்குள் நீட்டிப் போடும் தூண்டில் வளைவு என்ற கல் தடுப்பும் வந்த பிறகு சில ஊருக்குத் தரவே தருவதில்லை. ஒரு ஊரில் தூண்டில் வளைவு போட்டால் அடுத்த ஊரில் கடல் ஏறும் என்று எங்கள் ஊர்ப் பாட்டிகளே சொல்வார்கள், அதற்கு ஆய்வறிக்கை வேண்டாம். ஆகையால் ஒரே தடவை பறந்தால் அது பாதிப் பொய்யாகிவிடும். மாசியில் ஒரு தடவை. ஆடி மழை இடைவெளி விடும் நாலு நாளைப் பார்த்து இன்னொரு தடவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு உயர் ஓதக் கோடு எது என்று நீங்களே சொல்லுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

நேரமும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரை தென்மேற்கைப் பார்த்து நிற்கிறது. காலையில் சூரியன் மலைப்பக்கம் இருப்பதால் பாறை முகமெல்லாம் இருட்டு, கேமராவுக்குள் வெளிச்சம் நேராக அடிக்கும். மதியம் மூன்று மணி வாக்கில் உங்கள் முதுகுக்குப் பின்னால் வெயில், கரை முழுக்கப் பளிச்சென்று தெரியும். விடிகாலையில் மட்டும் வரவே வேண்டாம். ஏன் என்று கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அன்றைக்கு நாங்கள் தொழிலுக்குப் போவதில்லை. வள்ளமெல்லாம் கரையில் ஏறியிருக்கும், வலை விரித்துக் கிடக்கும், நிழல் பார்த்து உட்கார்ந்து நாலு பேர் வலையைப் பொத்திக்கொண்டிருப்பார்கள், இன்னொரு பக்கம் பையன்கள் பந்தடிப்பார்கள். உங்கள் வரைபடங்களில் 'காலி இடம்' என்றும் 'மணல்வெளி' என்றும் வரும் இடத்தில் எத்தனை குடும்பத்தின் தொழில் கிடக்கிறது என்பது ஞாயிறு மதியப் படத்தில் தெரியும். செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்தால் அது காலி இடமாகத்தான் தெரியும், ஏனென்றால் எல்லோரும் கடலில் இருப்பார்கள்.

இனி, உள்ளே யார் உட்காருவது? அலாஸ்காவில் நிலவியலார் பேசிக்கொண்டே வந்தார் என்றேன். இங்கே அவரோடு கட்டாயம் எங்கள் ஆள் ஒருவரும் உட்கார வேண்டும். எங்கள் சிப்பிக்காரர்களை உங்களுக்குத் தெரியாது. கடியப்பட்டணத்திலும் குளச்சலிலும் பாறைக்கு அடியில் முங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையுளியால் சிப்பியைச் சுரண்டி எடுப்பவர்கள். எந்தப் பாறை அடியில் குடைவு, எந்தப் பாறை போன ஆடியில் புரண்டது, எந்த இடுக்கில் தண்ணீர் உள்ளே இழுக்கும் என்று கைத்தடவலாகவே தெரிந்து வைத்திருப்பவர்கள். பாறை ஒவ்வொன்றுக்கும் பெயரும் உண்டு, எந்த வரைபடத்திலும் இல்லாத பெயர். நாற்பது நிமிடம் அவர் வாயில் மைக்கைக் கொடுங்கள். தமிழில்தான் பேசுவார், அதுவும் எங்கள் தமிழில். வேகமாகப் பேசுவார். பரவாயில்லை, பிறகு போட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளலாம், நானே எழுதித் தருகிறேன்.

ஒக்கியின்போது குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்து போராடியவர்கள் கேட்டது கடலில் காணாமல் போனவர்களைத் தேடச்சொல்லி மட்டுமல்ல. எங்கே தேட வேண்டும் என்று எங்களிடம் கேளுங்கள் என்பதும் அதில் இருந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்களுக்குத் தங்கள் ஆட்கள் எந்த ஆழ்கடலில் எந்தத் திசையில் கிடப்பார்கள் என்று தெரியும். தெரிந்தவர்கள் கரையில் அழுதுகொண்டிருந்தார்கள், தேடுகிறவர்கள் வானத்தில் இருந்தார்கள். அந்த இரண்டு பேரையும் ஒரே ஹெலிகாப்டரில் ஏற்றிவிடுங்கள் என்பதைத்தான் நானும் கேட்கிறேன், சாவு விழுவதற்கு முன்னால்.

செலவு என்பீர்கள். கணக்குப் போட்டுவிட்டேன். 110 கிலோமீட்டர் வேகத்தில் எங்கள் கரை நாற்பது நிமிடம். 150 மீட்டருக்கு ஒரு படம் என்றால் சுமார் 470 படம். இப்போதெல்லாம் ஒரு கல்யாணத்துக்கு அதைவிட அதிகம் எடுக்கிறார்கள். வருகிற தூரம், போகிற தூரம், இரண்டு பருவம் எல்லாம் சேர்த்தாலும் வெள்ளச் சேதம் பார்வையிட ஒரு பெரியவர் பறக்கும் நேரத்தைவிட ரொம்பக் கூடிவிடாது. ட்ரோன் போதுமே என்றும் ஒரு பேச்சு வரும். ஒரு ஊருக்கு ட்ரோன் அருமையான சாமான். எங்கள் தெரு முனைப் பொந்தைப் பார்க்க அதுவே போதும். ஆனால் கண்ணுக்கு எட்டும் தூரம்வரைதான் அதை விட வேண்டும், பேட்டரி அரைமணி நேரம், அடிப்பது கடற்காற்று. ஊர் ஊராக இறங்கி ஏறி முடிப்பதற்குள் மாதம் மாறி, வெயில் மாறி, மணலும் மாறிவிடும். கரை முழுவதையும் ஒரே நாளின் ஒரே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், அதற்குத்தான் ஹெலிகாப்டர். பாதுகாப்பு என்று சொன்னால், கூடங்குளம் பக்கத்து மாவட்டம், நான் கேட்கும் எழுபது கிலோமீட்டரில் இல்லை. மறைக்க வேண்டியது ஏதாவது இருந்தால் அந்தத் துண்டை மட்டும் விட்டுவிடுங்கள். அடெல்மன் தம்பதிக்கும் முதலில் ஒரு விமானப்படைத் தளத்தின் முன்னால் இடைவெளி விழுந்தது, அதற்காக மீதிப் படங்களை யாரும் பூட்டி வைக்கவில்லை.

ஒரே ஒரு பயம் எனக்கும் உண்டு, மறைக்கவில்லை. படங்கள் திறந்தால் எங்களை மட்டும் காட்டிக்கொடுக்குமோ? கோட்டைத் தாண்டிக் கழிப்பறை கட்டினவன், கடல் பக்கம் ஒரு தகரக் கொட்டகை இறக்கினவன் எங்கள் ஆள்தான். அதே படத்தில் விடுதிக்காரர்களின் மதிலும் விழும், கொட்டிய கல்லும் விழும். நோட்டீஸ் தகரக் கொட்டகைக்கு மட்டும் வராது என்று உங்களிடம் இருந்து எழுத்தில் வந்தால் ஊர்க்கூட்டத்தில் பேசி ஒப்புக்கொள்ள வைப்பது என் பொறுப்பு.

பறக்கும் தேதியை மூன்று நாள் முன்னே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு ஊரிலும் கோயில் மைக்கில் அறிவித்துவிடுகிறோம்: ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஹெலிகாப்டர் வரும், படம் எடுக்கத்தான் வருகிறது, யாருக்கும் ஒன்றுமில்லை என்று. இந்தக் கடைசி வரியை இரண்டு தடவை சொல்லச் சொல்லுவேன். என் சித்திக்குக் காது கொஞ்சம் மந்தம், மைக் சத்தம் சரியாகக் கேட்காது. ஹெலிகாப்டர் சத்தம் மட்டும் கேட்டுவிடும்.

இப்படிக்கு,
குமரிக் கரையில் ஓய்வுபெற்ற ஒரு புவியியல் வாத்தியார்